டன் மட்டும் பாத்து பிரஸ் கட்டாதீங்க

பழுத்த இரும்ப நசுக்கி வடிவம் குடுக்குற ஹைட்ராலிக் ஃபோர்ஜிங் பிரஸ்ஸ சொந்தமா கட்டுறதப் பத்தி ஒருத்தர் "20 டன் ஜாக்கி இருந்தா போதும், டன் தான் எல்லாமே, பம்ப் எதுவா இருந்தா என்ன"ன்னு சொல்லிருக்காரு. இது பாதி தான் சரி, அத நம்பி ஃப்ரேம் வெல்டிங் பண்ணிட்டா அப்புறம் ரொம்ப வருத்தப்படுவீங்க.

பழுத்த இரும்பு டையைத் (இரும்ப நசுக்குற அச்சு) தொட்ட நொடியே சூடு டைக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடும். கை ஜாக்கில ஒரு அடிக்கு ராம் (அழுத்துற தண்டு) ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் நகர்றதே பெருசு, நீங்க பத்து தடவ அடிக்கிறதுக்குள்ள மஞ்சளா இருந்த பில்லெட் (அடிக்கிற இரும்புக் கட்டி) ஓரமெல்லாம் கறுத்து நிக்கும், அப்புறம் எத்தன டன் குடுத்தாலும் அது நசுங்காது.

கணக்கு சிம்பிள். 127 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டர்ல 170 பார் (அழுத்த அளவு) அழுத்தம் குடுத்தா கிட்டத்தட்ட 22 டன் வரும். ஆனா ராம் வேகத்த முடிவு பண்றது பம்ப் ஃப்ளோ, அதாவது பம்ப் நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் ஆயில் தள்ளுதுங்கறது. அதே சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 40 லிட்டர்னா செகண்டுக்கு 5 செ.மீ., 10 லிட்டர்னா வெறும் 1.3 செ.மீ. தான். அதனால தான் டூ ஸ்டேஜ் (ரெண்டு கட்டமா வேல செய்யுற) பம்ப் போடுறாங்க, லோடு இல்லாதப்போ வேகமா இறங்கி, இரும்பத் தொட்டதும் தானா ஃப்ளோவ கொறச்சு அழுத்தத்த ஏத்தும். மோட்டாரும் இதுக்கேத்த மாதிரி வேணும், 10 லிட்டர் 170 பார்ல தள்ளவே சுமார் 5 ஹெச்பி ஆகும்.

இன்னும் பெரிய சிலிண்டர் மாத்துனா டன் ஏறும், ஆனா அதே பம்ப்ல வேகம் இறங்கும்.

ரிலீஃப் வால்வ் (அழுத்தம் அளவுக்கு மேல போனா ஆயில திருப்பி விடுற வால்வ்) இல்லாம தயவுசெஞ்சு ஓட்டாதீங்க. ஹோஸ்ல கசிவு இருக்கான்னு கைய வச்சு தடவியும் பாக்காதீங்க, ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலக் கிழிச்சு உள்ள போயிடும்.