தாங்குவது வேறு, முட்டுக் கொடுப்பது வேறு

காலை ஏழு மணி. ராத்திரி குடித்துவிட்டு வந்து விழுந்தவரால் தலையைத் தூக்க முடியவில்லை. மனைவி ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் நீட்டுகிறார். கையோடு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “அவருக்கு வயித்துப்போக்குங்க, இன்னிக்கு வர முடியாது” என்கிறார். ஊர் இவரைப் பொறுப்பான மனைவி என்கிறது. நான் இதை முட்டுக் கொடுப்பது என்பேன், சாய்ந்த சுவருக்குக் கட்டை வைத்து நிறுத்துகிற மாதிரி. சுவர் விழாது. ஆனால் கொத்தனாரையும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அதே சாற்றை, அவர் குடிக்காமல் வீடு திரும்பிய ஒரு மாலையில் கொடுத்தால் அது தாங்குதல். எலுமிச்சம்பழம் அதேதான், கொடுத்த நாள் வேறு. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் உதவி அவர் குடித்த நாளுக்குப் போகிறதா, குடிக்காத நாளுக்குப் போகிறதா? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ என்ற குடும்பப் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை. சிகிச்சையே வேண்டாம் என்றவர்களின் குடும்பங்களை வைத்துச் செய்து 1999-இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்கள் 64 விழுக்காட்டுப் பேரைச் சிகிச்சைக்கு வரவைத்தன. குடும்பமே கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேரே பேசும் முறையில் அது 30 தான்.

போனில் பொய் சொன்ன அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேலை போனால் பிள்ளைகள் சோற்றில்தான் மண் விழும். அதனால் எல்லா முட்டுகளையும் ஒரே நாளில் உருவ வேண்டாம். அரிசி, பள்ளிக் கட்டணம் இரண்டிலும் கை வைக்காதீர்கள். பெட்டிக்கடைப் பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, அவர் கடனை அடைக்க மகளிர் குழுவில் உங்கள் பெயரில் எடுக்கும் லோன், இதில் ஏதாவது ஒன்றில் ஆரம்பிக்கலாம். அவர் தெளிவாக இருக்கும் வேளையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “இனிமே அந்தப் பாக்கிய நான் கட்ட மாட்டேங்க.” சண்டைக்கு நடுவில் கத்திச் சொன்னால் அது வெறும் மிரட்டல், நாலு நாளில் நீங்களே கட்டிவிடுவீர்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டால் பொய்யும் வேண்டாம், கோள் மூட்டவும் வேண்டாம். “இருங்க சார், அவர்கிட்டயே தர்றேன்.” அவ்வளவு போதும்.

“பட்டால்தான் திருந்துவான், விட்டுடு” என்று சொல்பவர்களும் உண்டு. பாதி சரி. உடம்பு விஷயத்தில் இந்த உபதேசம் ஆளையே கொன்றுவிடும். போதையில் மல்லாந்து கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது முட்டுக் கொடுப்பதில் சேராது. வாந்தி மூச்சுக்குழாயில் போய்விட்டால் திருந்துவதற்கு ஆள் இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே நாளில் நிறுத்துவது. டாஸ்மாக் குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு, அதாவது 77 மில்லி, சுத்த ஆல்கஹால். எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் கூட. இந்த அளவோ இதற்கு மேலோ தினமும் வருடக்கணக்கில் வாங்கிப் பழகிய உடம்புக்கு, கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் “சுவத்துல பூச்சி ஊருது” என்று பிதற்றினால் பூசாரியைத் தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மலைக்கு மாலை போட்ட கையோடு குடியை நிறுத்துகிறவருக்கும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவருக்கும் இதே கணக்குதான். கயிற்றுக்கு நான் எதிரியில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பலர் நடுங்கும் ஆளைத் தெருமுனை கிளினிக்கில் உட்கார வைத்து, “ரொம்ப டயர்டா இருக்காருங்க, ஒரு பாட்டில் ஏத்துங்க” என்பார்கள். குடியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள், மானம் போய்விடுமாம். சோறு தண்ணி இல்லாமல் குடித்த உடம்பில் தயமின் எனும் வைட்டமின் பி1 வற்றிக் கிடக்கும். அதில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமுள்ள தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிப் போவார், நினைவு நிரந்தரமாகவே கெடலாம். அதனால்தான் விஷயம் தெரிந்த டாக்டர் முதலில் பி1 ஊசி போடுவார். “தினமும் குடிக்கிறவர், கடைசியா நேத்து ராத்திரி குடிச்சார்” என்ற ஒரு வரியை டாக்டரிடம் மறைப்பதைவிட மோசமான முட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” விளம்பரம். குடியை நிறுத்த டாக்டர் எழுதித் தரும் டைசல்ஃபிராம் நல்ல மாத்திரைதான். பெரும்பாலும் தினம் 250 மில்லிகிராம். இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ஆல்கஹால் பாதி செரிமானத்தில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகத் தேங்கி நிற்கும். முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி எடுக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். அந்த பயம்தான் அவரைக் குடிக்காமல் தடுக்கும் மருந்து. சாம்பாரில் ரகசியமாகக் கலந்தால் அவருக்கு பயம் இருக்காது, ஆபத்து மட்டும் இருக்கும். விஷயம் தெரிந்த அன்று உங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

சரியான வழி: கல்லீரல் பரிசோதனை, அவர் சம்மதம், கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேர இடைவெளி. மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை வேலை காட்டும் என்பதால் “இன்னிக்குப் போடல, ஒரு கட்டிங் போட்டா ஒண்ணும் ஆகாது” என்ற கணக்கு தப்பு. அரிஷ்டத்திலும் சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

சிகிச்சை முடிந்து வந்தவரிடம் தினமும் சாயங்காலம் “ஊதிக் காட்டு” என்று நிற்கும் வீடுகள் நிறைய. அது போலீஸ் வேலை. திருட்டுத்தனத்தைத்தான் வளர்க்கும். தம்பதியருக்கான சிகிச்சையில் ஆராய்ச்சியாளர் டிமதி ஓ’ஃபாரல் பயன்படுத்திய தினசரி ஒப்பந்தம் எனக்கு அதைவிடப் பிடித்தது. காலை டிபனுக்கு முன் இரண்டு நிமிடம். அவர் சொல்வார்: “நேத்து குடிக்கல, இன்னிக்கும் குடிக்க மாட்டேன்.” மாத்திரை இருந்தால் உங்கள் முன்னாலேயே விழுங்குவார். நீங்கள் “சந்தோஷம்ங்க” என்பீர்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய கட்டத்தில் அவரே ஒரு டிக் போடுவார். அதோடு சரி. பழைய குடி, நாளைய குடி பற்றிய பேச்சு ஆலோசகர் அறையில்தான், வீட்டில் கிடையாது. கேட்க எளிது. பத்தாம் நாள் மாமியார் முன்னால் “போன தீபாவளிக்கு நீங்க பண்ண கூத்து இருக்கே” என்று ஆரம்பிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

முதல் மூன்று மாதம் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கண்டம். வேலை முடிந்த களைப்பும் வெறும் வயிறும் சேர்ந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். ஆறு மணிக்கே சுண்டலோ இரண்டு தோசையோ வயிற்றுக்குள் போகட்டும். ஆசை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அந்த நேரத்தைத் தாண்டினால் போதும். தூக்கம் வாரக்கணக்கில் சரியாக வராது, எரிச்சல் இருக்கும். பாவம் பார்த்து மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கித் தந்தால் அதற்கும் அடிமையாவார். “பீர்தானே” என்ற மச்சானுக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி, 8 விழுக்காடு ஸ்ட்ராங் பீர் ஒன்றரை பாட்டில் ஒரு குவாட்டருக்குச் சமம்.

சறுக்கல் வரலாம். வந்த ராத்திரி விசாரணை வேண்டாம், போதையிலிருப்பவர் செய்யும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. மறுநாள் தெளிந்த பிறகு பத்து நிமிடம் பேசுங்கள். ஒரு நாளுக்குள் டாக்டருக்கோ ஆலோசகருக்கோ அவரே போன் செய்ய வேண்டும் என்று நல்லபடியாக இருக்கும்போதே எழுதி வைத்திருப்பது நல்லது.

அடி விழும் வீட்டில் மேலே சொன்ன எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். முட்டுக் கட்டையை உருவினால் சுவர் உங்கள் மேல்தான் விழும். அங்கே முதல் வேலை, பிள்ளைகளோடு ராத்திரி எங்கே போவது என்று முடிவு செய்து வைப்பது. பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன, கட்டணம் இல்லை. சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கியவர். அங்கே குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது சிகிச்சையில் ஒரு பகுதி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அதில் அவர்தான் பேச வேண்டும் என்றில்லை. அவர் இன்னும் சம்மதிக்கவே இல்லை என்றாலும் நீங்கள் கூப்பிடலாம்.