காஸ் எலியட் மரணம்: சாண்ட்விச் கதை பொய்

அமெரிக்கப் பாடகி காஸ் எலியட் பற்றி, ‘அவர் சாண்ட்விச் தொண்டையில் அடைத்துத்தான் செத்தார், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1974 ஜூலை 29 அன்று லண்டனில் அவர் இறந்தபோது வயது 32. கட்டிலருகே ஒரு சாண்ட்விச் இருந்தது; முதலில் வந்த மருத்துவர் அதைப் பார்த்துச் சொன்ன ஊகம் செய்தியாகிவிட்டது. பிறகு பிரேதப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன், மூச்சுக்குழாயில் உணவே இல்லை என்று கண்டார். காரணம் மாரடைப்பு. பரபரப்புக்காக எழுதுபவர்கள் அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு பரிசோதனை முடிவை விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்லேடியம் அரங்கில் இரண்டு வாரம் பாடி முடித்த கையோடு போய்விட்ட பாடகி அவர். அவர் உடல் பருமனைக் கேலி செய்யத்தான் இந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம். அவர் இறந்தபோது மகளுக்கு 7 வயது. சாண்ட்விச்சால் செத்தார் என்று எழுதியவர் தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.