கோழிக் கொட்டகைக்குக் குடும்பத்தோடு போன மனுஷன்

ஒருவர் இறந்துபோனால் எழுதும் அஞ்சலிக் குறிப்பில் சில வரிகள் தவறாமல் வரும். குடும்பம்தான் அவருக்கு உலகம். காடு, மலை, ஆறு என்றால் அவருக்கு உயிர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். விடுமுறை முழுக்கத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டவரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் மனைவிதான். அதை யாரும் எழுதுவதில்லை.

இரண்டுமே உண்மையாகப் பொருந்திய ஆள் என்று நான் நம்புவது ஆல்டோ லியோபோல்டை. 1909இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தவர். நியூ மெக்சிகோவின் கீலா வனப்பகுதி 1924இல் பாதுகாக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் அவர். பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வேட்டை, மீன்பிடி எல்லாவற்றிலும் ஊறியவர். இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது 1935இல் அவர் வாங்கிய ஒரு வீணாய்ப்போன நிலத்தால்.

விஸ்கான்சின் ஆற்றை ஒட்டிய மணல் பூமி. விவசாயம் செய்து செய்து சத்தெல்லாம் போய், கைவிடப்பட்ட பண்ணை. தங்குவதற்கு என்று இருந்தது ஒரு பழைய கோழிக் கொட்டகை, உள்ளே எருவோடு. அதை அள்ளிக் கொட்டி, கூரையைச் சரிசெய்து, படுக்கப் பலகை அடித்து, குடும்பமே வார இறுதிகளில் அங்கே தங்கியது. மூத்த மகன் ஸ்டார்க்கருக்கு அப்போதே இருபது தாண்டிவிட்டது, கடைக்குட்டி எஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. இருபது வயதுப் பையனை அப்பா கூப்பிட்டு எரு அள்ள வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்!

வசந்தம் வந்தால் பைன் கன்று நடுவார்கள். ஆரம்பத்தில் நட்டதில் பெரும்பகுதி வறட்சியில் கருகிப்போனது. அடுத்த வசந்தத்தில் மறுபடியும் மண்வெட்டியோடு வந்தார்கள். சுற்றிக் காட்டக் கூட்டிப்போவது வேறு, கையில் வேலை கொடுப்பது வேறு. லியோபோல்ட் வேலை கொடுத்தார். எந்தப் பூ எந்த நாளில் பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் திரும்பியது என்று குறித்துவைக்கும் பழக்கம் அப்படித்தான் பிள்ளைகளுக்கும் தொற்றியது. அவரே விடியுமுன் எழுந்து, காபியும் நோட்டுப் புத்தகமுமாக வெளியே உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதலில் பாடுகிறது என்று எழுதுவார்.

மனைவியின் பெயரும் எஸ்டெல்லாதான். கணவர் வில் செய்வார், இவர் அம்பு விட்டு மாநில அளவில் சாம்பியன் ஆனார். லியோபோல்டைப் பற்றிய கட்டுரைகளில் இந்த அம்மாவுக்குப் பாதி வரிகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

1948 ஏப்ரல் 21. பக்கத்துப் பண்ணையில் புல்லில் தீ. அணைக்க ஓடியவர் மாரடைப்பில் அங்கேயே விழுந்தார். வயது 61. பல முறை திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மகன் லூனா பொறுப்பெடுத்துக்கொள்ள, புத்தகம் 1949இல் வந்தது.

ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களாக இருந்தார்கள் என்பதை வளர்ப்பின் வெற்றியாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாத மகள் நீனாதான் வயதான பிறகு அந்த நிலத்துக்கே திரும்பிவந்து குடியிருந்தார். அப்பா விட்ட இடத்திலிருந்து பூக்களையும் பறவைகளையும் மறுபடி குறிக்கத் தொடங்கினார். இருவரின் குறிப்புகளையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. விஸ்கான்சினில் வசந்தத்தின் பல நிகழ்வுகள் முன்கூட்டியே நடக்கின்றன என்பதைக் காட்டிய அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் நீனாவும் ஒருவர். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.