டிபரன்ஷலை வெல்ட் பண்ணினால் லொக்கர் ஆகுமா?

“பின் டிபரன்ஷலை வெல்ட் பண்ணி விடுங்கோ, லொக்கர் போட்ட மாதிரித்தான், ரோட்டுக்கும் பிரச்சினை இல்லை” என்று மாரி தொடங்க வன்னியில் வாட்சப்பில் ஒரு கதை சுத்துது. டிபரன்ஷல் என்றால் வளைவில் இரண்டு பின்சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுத்தவிடும் பல்சக்கரத் தொகுதி; லொக்கர் அந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கதை பாதிதான் சரி. வயல் சேற்றில் இழுக்கும். ஆனால் ஏ9 வீதியில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடவேணும். வெல்ட் பண்ணினால் இரண்டும் ஒரே வேகம். ரயர் தேயும், அக்சில் முறுகும், ஒருநாள் முறியும். மழையில் பின்பக்கம் வழுக்கும்.

சுவிச் லொக்கர் வேறு. நின்றபடி பூட்டி, சேற்றை நேராகக் கடந்து, தாரில் ஏறமுன் விடுவிக்கவேணும். மறதிக்காரருக்குச் சரிவராது.

தினம் கிளிநொச்சிக்கு ஓடி, இடைக்கிடை வயலுக்கு இறங்கும் கப் (பிக்கப்) வாகனத்துக்கு எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்துவதைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷல், போதும் என்பதே எங்கள் எண்ணம். கிளச் தட்டு வகைக்கு எல்எஸ்டி ஒயிலே ஊற்றுங்கோ. சாதாரண ஒயில் என்றால் வளைவில் கடகடவென்று அதிரும். ஒரு சில்லு அந்தரத்தில் சுத்தினால் ஹாண்ட்பிரேக்கை இலேசாக இழுத்துப் பாருங்கோ, மற்றச் சில்லுக்கு இழுவை வரும்.

பழைய கப் வாங்கமுன் முன்சில்லுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, நியூட்ரலில் ஒரு சில்லைக் கையால் சுத்துங்கோ. மற்றது எதிர்ப்பக்கம் சுத்தினால் அது சாதாரண டிபரன்ஷல் அல்லது தட்டுத் தேய்ந்த எல்எஸ்டி.