டாங்கி காங் வெளிறிப்போனதற்குக் காரணம் இருக்கிறது

ரெட்ரோ கேம் பேசும் இடங்களில் அடிக்கடி ஒரு படம் சுற்றி வரும், பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் 1994-இல் டிவியில் செருகி ஆடும் சூப்பர் நின்டெண்டோவில் வந்த டாங்கி காங் கன்ட்ரி என்ற குரங்குக் கேம்: அடர்ந்த காடு, கறுத்த நிழல், மயங்கும் மாலை வெளிச்சம். வலது பக்கம் 2003-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த அதே கேம், அதே இடம், ஆனால் நூறு முறை துவைத்த சட்டை மாதிரி சாயம் போய்க் கிடக்கும். கீழே எல்லாரும் சிரித்து வைத்திருப்பார்கள். இதற்குப் போய்க் காசு வாங்கினார்களா, அதைச் செய்த ரேர் கம்பெனிக்குக் கண் தெரியாதா, இப்படி.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஏனென்றால் சிரிக்கிற யாரும் அந்தக் கேமை அது ஓட வேண்டிய திரையில் பார்க்கவில்லை. முழு வெளிச்சம் வைத்த ஃபோனில், பழைய கருவி மாதிரி நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள். 2001-இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரையில் விளக்கே கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சம் உள்ளே போய்ப் பட்டுத் திரும்பினால்தான் படம் தெரியும். ஜன்னலோரம் சாய்ந்து, கருவியை ஒரு கோணத்தில் பிடித்து, தன் தலை நிழலே விழாமல் பார்த்துக்கொண்டு விளையாட வேண்டிய சாமான் அது. சூப்பர் நின்டெண்டோவின் கறுத்த காட்டை அப்படியே அதில் கொண்டுவந்து வைத்திருந்தால், குரங்கும் தெரியாது, குழியும் தெரியாது.

இது ஊகம் இல்லை, நடந்த கதை. கருவியோடு சேர்ந்தே வந்த காஸில்வேனியா சர்க்கிள் ஆஃப் தி மூன் இருட்டான கோட்டையை இருட்டாகவே வரைந்திருந்தது. விமர்சகர்கள் பாராட்டிக்கொண்டே புலம்பினார்கள், கேம் நன்றாக இருக்கிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை என்று. அடுத்த வருடம் வந்த அடுத்த காஸில்வேனியாவான ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸில், அதைச் செய்த கோனாமி கம்பெனி என்ன செய்தது தெரியுமா? வண்ணங்களைக் கண்ணைப் பறிக்கிற அளவுக்கு ஏற்றிவிட்டு, நாயகனைச் சுற்றி ஒரு நீலக் கோடும் போட்டது. இன்று பளிச்சென்ற திரையில் பார்த்தால் இது என்ன கண்றாவி என்றுதான் தோன்றும். அன்றைக்கு அந்தக் கோடு இல்லாவிட்டால் ஆள் எங்கே நிற்கிறான் என்றே தேட வேண்டியிருந்திருக்கும்.

சரி, கேம் பாய் அட்வான்ஸிலேயே விளக்கு வைத்த எஸ்பி மாடல் 2003 தொடக்கத்திலேயே வந்துவிட்டதே, டாங்கி காங் வந்தது ஜூனில்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அதற்குள் பழைய மாடலை வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் ஏராளம், அவர்களை விட்டுவிட்டு யாரும் கேசட் தயாரிக்க மாட்டார்கள்.

இவ்வளவும் வண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. டிவியில் எல்லாருக்கும் பிடித்துப்போன ஒரு பிளாட்ஃபார்ம் கேமை, அதாவது ஓடித் தாவி ஆடும் கேமை, கையடக்கக் கருவிக்குக் கொண்டுபோகும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. படம் அதே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கண்ணில் பட்டதிலிருந்து விரல் அழுத்துவது வரை எனக்குக் கிடைக்கும் நேரம் அதேதானா? அது போய்விட்டால் மற்றதெல்லாம் இருந்தும் அது அந்தக் கேம் இல்லை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1985-இல் வந்த மரியோவில் திரை 256 பிக்சல் அகலம், ஒரு செங்கல் 16 பிக்சல். ஆக 16 செங்கல் அகலத்துக்கு உலகம் தெரியும். 1999-இல் அதையே கேம் பாய் கலருக்குச் சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் என்று கொண்டுவந்தார்கள். அந்தத் திரை 160-க்கு 144. பத்துச் செங்கல் அகலம், ஒன்பது செங்கல் உயரம், அவ்வளவுதான். மரியோவைச் சின்னதாக்கவில்லை, உலகத்தை வெட்டிவிட்டார்கள். முழு வேகத்தில் ஓடும் மரியோ நொடிக்குச் சுமார் 150 பிக்சல் கடப்பான். டிவியில் திரையின் நடுவில் இருந்தால் முன்னால் இருப்பதைப் பார்க்க முக்கால் நொடிக்கு மேல் கிடைக்கும். இங்கே நடுவில் இருந்தால் அரை நொடி. சுத்தியல் எறிகிற ஆமை இரண்டு பேர் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டு எதிரில் வரும்போது அந்தக் கால் நொடி எவ்வளவு பெரிய விஷயம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் டீலக்ஸை எல்லாரும் கொண்டாடினார்கள், நானும்தான். காரணம் சுலபம். அந்த லெவல்கள் உலகத்துக்கே மனப்பாடம். நம்மூரில் டிவியில் செருகுகிற பெட்டியில் ஒரே கேசட்டில் பல கேம் வைத்து விளையாடிய தலைமுறைக்குக்கூட முதல் லெவலில் எந்தக் குழாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வெட்டிப்போன பாதித் திரையை ஞாபகம் நிரப்பிவிடுகிறது. நின்றுகொண்டு மேலே கீழே அழுத்தினால் கேமரா கொஞ்சம் நகர்ந்து எட்டிப்பார்க்கும் வசதியும் வைத்திருந்தார்கள். நல்ல யோசனை, ஆனால் ஓட வேண்டிய கேமில் நின்று எட்டிப்பார்ப்பது ஓட்டத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது. உண்மை தெரிய வேண்டுமென்றால் அதே கேசட்டில் 3,00,000 புள்ளி எடுத்தால் திறக்கும் அந்தக் கடினமான மரியோ லெவல்களை ஆடிப்பாருங்கள். பலருக்கு அவை மனப்பாடம் இல்லை. அங்கே சின்னத் திரை தன் வேலையைக் காட்டும். ரெட் காயின் தேடுவது, பேயோடு ஓட்டப்பந்தயம் எல்லாம் சேர்த்துக் கொடுத்ததால் காசு கொடுத்தவனுக்கு நஷ்டம் இல்லை, அது வேறு.

மரியோவாவது நின்று நிதானமாகப் போகலாம். சோனிக்? அவன் வேலையே ஓடுவது. 1991-இல் செகா புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. தன் டிவி பெட்டியான மெகா டிரைவின் சோனிக்கைச் சுருக்கி, கையடக்கக் கருவியான கேம் கியருக்குள் திணிக்காமல், இசையமைப்பாளர் கோஷிரோ யூஸோவின் ஏன்ஷியன்ட் நிறுவனத்திடம் கொடுத்து 8-பிட் கருவிகளுக்குத் தனியாக ஒரு சோனிக் செய்யச் சொன்னது. பெயர் அதே, ஆனால் பிரிட்ஜ், ஜங்கிள், ஸ்கை பேஸ் என்று பெரிய சோனிக்கில் இல்லாத இடங்கள், குறைந்த வேகம், தாவுவதற்கு அதிக வேலை. இன்றைக்கும் அது தனியாக நின்று ஆடக்கூடிய கேம். அடுத்த வருடமே அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள். சோனிக் 2 கேம் கியரில் முதல் பாஸ் சண்டைக்கு, அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியிடம், போய்ப் பாருங்கள். சரிவில் நின்றபடி குதித்துக் குதித்து வரும் உருண்டைகளைத் தவிர்க்க வேண்டும். செகாவின் 8-பிட் டிவி பெட்டியான மாஸ்டர் சிஸ்டத்தின் 256 பிக்சல் அகலத்தில் அவை வருவது தெரியும். கேம் கியரின் சின்னத் திரையில் கண்ணில் படும்போதே மேலே விழுந்துவிடும். முதல் பாஸிலேயே கேமை மூடி வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ.

2006-இல் சோனிக்கின் 15-ஆம் ஆண்டுக்காக கேம் பாய் அட்வான்ஸில் வந்த சோனிக் ஜெனிசிஸ் பற்றி அதிகம் பேச வேண்டாம். திரையை வெட்டினதும் இல்லாமல் வேகமும் இல்லை, வளையங்கள் சிதறினால் கேமே திணறியது. கருவியின் மேல் பழி போட முடியாதபடி சைமன் தாம்லி என்ற ரசிகர் அதே கருவியில் சோனிக்கை ஒழுங்காக ஓட்டிக்காட்டினார், பின்னாளில் சோனிக் மேனியாவில் வேலை செய்தவர். அதோடு விடுகிறேன்.

டாங்கி காங்குக்கே திரும்புகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே கம்பெனி ஒரே கேமை மூன்று கையடக்கக் கருவிகளுக்கு மூன்று விதமாகக் கொண்டுபோனது. இங்கிலாந்தில் ட்வைக்ராஸ் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாணக் குரங்கைச் செய்து, அதைப் படமெடுத்து, சூப்பர் நின்டெண்டோவுக்குள் அடக்கியவர்கள் ரேர். கேமின் பெருமையே அந்தப் படம்தான். அதைக் கொண்டுபோய் நான்கே நான்கு சாயல் காட்டும் பச்சைத் திரை கேம் பாயில் வைக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் ஓடிவிடுவார்கள். 1995-இல் வந்தது டாங்கி காங் லாண்ட், வாழைப்பழ மஞ்சளில் கேசட். லெவல்கள் புதுசு. கையேட்டில் இருக்கும் கதையே ரகளை: கிழட்டுக் குரங்கு கிராங்கி வந்து, உன் கேம் ஓடினதே படமும் பாட்டும் பளபளப்பாக இருந்ததால்தான், முடிந்தால் 8-பிட் கேம் பாயில் ஜெயித்துக்காட்டு என்று பந்தயம் கட்டும். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பரீட்சை!

அந்தப் பரீட்சையில் பாதிதான் பாஸ் என்பேன். குரங்கு அசைவது அப்படியே டிவி குரங்கு மாதிரி இருந்தது, அன்றைக்கு அது அதிசயம். இரண்டு குரங்கையும் ஒன்றாகக் காட்ட முடியாது என்று தெரிந்து ஒன்றை மட்டும் காட்டினார்கள், அது சரியான முடிவு. ஆனால் பின்னணியிலும் இண்டு இடுக்கு விடாமல் இலை, பாறை, கயிறு என்று அடைத்துவைத்தார்கள். கேம் பாய் திரை ஏற்கெனவே ஓடினால் கலங்கும், பழைய படம் உடனே மறையாமல் இழுபடும். அதில் சாம்பல் குரங்கு சாம்பல் இலைக்கு முன்னால் ஓடினால், எது எதிரி, எது சும்மா வரைந்தது என்று கண் தடுமாறுகிறது. நான் சொன்ன அந்த நேரம் அங்கே போகிறது, திரை சின்னதாக இருப்பதால் மட்டும் இல்லை, படத்தைக் கைவிட மனசு வராததால். இன்னொரு கொடுமை, K, O, N, G என்ற நான்கு எழுத்துகளையும் பொறுக்கிச் சேர்த்தால்தான் சேவ் செய்ய முடியும். பாட்டரியில் ஓடும், எப்போது வேண்டுமானாலும் அணைத்து வைக்க வேண்டி வரும் ஒரு கருவியில் யாருக்குத் தோன்றியது இப்படி ஒரு யோசனை? 1996-இல் இரண்டாம் லாண்ட் வந்தபோது பின்னணியைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிட்டார்கள். பார்க்கக் கொஞ்சம் ஏழையாகத்தான் இருக்கும். ஆனால் ஆட முடிகிறது.

2000-இல் கேம் பாய் கலருக்கு மூலக் கேமையே கொண்டுவந்தார்கள். திறமையான வேலை, மறுக்கவில்லை. 8-பிட் கருவியில் அந்த லெவல்கள் வரிசையாக வருவதைப் பார்த்தால் வாய் பிளக்கும். பீப்பாயிலிருந்து பீப்பாய்க்குப் பாயும் இடங்களில் மட்டும் அடுத்த பீப்பாய் எங்கே என்று குருட்டாம்போக்கில் பாய வேண்டியிருக்கிறது. அட்வான்ஸில் திரை 240-க்கு 160. அகலத்தில் 16 பிக்சல்தான் குறைவு, அதனால் ஓட்டம் பிழைத்துக்கொண்டது. உயரத்தில் 224 போய் 160 ஆனதால் மேலும் கீழும்தான் இடிக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பதிப்பில் உண்மையில் செத்தது வண்ணம் இல்லை, சத்தம். சூப்பர் நின்டெண்டோவில் ஒலிக்கென்றே தனிச் சில்லு இருந்தது. அட்வான்ஸில் அப்படி எதுவும் இல்லாததால் கேமை ஓட்டும் அதே பிராசஸர்தான் இசையையும் கலந்து கொடுக்க வேண்டும். டேவிட் வைஸ் அமைத்த அந்தத் தண்ணீர் லெவல் இசை அதில் தகரத்துக்குள்ளிருந்து கேட்கிறது. படத்தை ஒப்பிட்டுச் சிரிப்பவர்கள் இதைச் சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். 2005-இல் மூன்றாம் பாகம் அட்வான்ஸுக்கு வந்தபோது வைஸே மொத்தமாகப் புது இசை போட்டார், பழையதை இழுத்துக்கொண்டு போகவில்லை. பழசுதான் வேண்டும் என்று அழுதவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது.

பொத்தான்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் நின்டெண்டோவில் இருந்த எக்ஸ், ஒய் இரண்டும் அட்வான்ஸில் கிடையாது. மரியோ வேர்ல்டை அட்வான்ஸுக்குக் கொண்டுவந்தபோது சுழன்று குதிப்பதைத் தோள்பட்டைப் பொத்தானுக்கு மாற்றினார்கள், இரண்டு நாளில் விரல் பழகிவிடும். 2004-இல் நின்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்கு வந்த மரியோ 64 அப்படி இல்லை. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம் தரும் அனலாக் குச்சிக்காகவே பிறந்த கேமை அது இல்லாத கருவியில் கொடுத்து, மெல்ல நடப்பதற்கும் ஓடுவதற்கும் ஒரு பொத்தானை வைத்தார்கள். நட்சத்திரம் 120-லிருந்து 150 ஆனது, ஆடும் ஆட்கள் நால்வர் ஆனார்கள். ஆனால் குறுகிய பாலத்தில் நேராக நடப்பதற்குள் உயிர் போகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எது என்றால், 1994-இல் கேம் பாய்க்கு வந்த டாங்கி காங். 1981 ஆர்கேட் கேமின் நான்கு கட்டங்களும் வரும். அதோடு முடிந்தது, பழையதைக் கொண்டுவந்துவிட்டார்கள், அவ்வளவுதானே என்று நினைக்கும்போது குரங்கு மறுபடியும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும், மொத்தம் 101 கட்டங்கள். சாவியை எடுத்துக் கதவுக்குக் கொண்டுபோ என்பதுதான் வேலை. பெரும்பாலான கட்டம் திரைக்குள்ளேயே அடங்கும் அல்லது கொஞ்சம் நகரும். எதிரே என்ன வரும் என்று பதற வேண்டாம், நின்று யோசிக்கலாம், தலைகீழாக நின்று பீப்பாயைத் தடுக்கலாம். சின்னத் திரை ஒரு குறை என்ற நினைப்பே வராது. அதை டிவியில் ஆடிப்பார்த்தால்தான் என்னவோ காலியாக இருப்பது போலத் தெரியும்.

இப்போது ஸ்டீம் டெக், ஸ்விட்ச் மாதிரி கையடக்கக் கருவிகள் எல்லாம் வந்த பிறகு டிவியில் ஓடும் அதே கேம் கையிலும் ஓடுகிறது, இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விட்டது. எழுத்து மட்டும் எறும்பு சைஸில் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை.

அட்வான்ஸ் டாங்கி காங்கை எமுலேட்டரில் ஆடப்போகிறவர்கள் வண்ணத் திருத்தம் என்று ஒரு செட்டிங் இருக்கும், பழைய திரை மாதிரி மங்கலாகக் காட்டும், அதைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். அப்புறம் வந்து படத்தைப் பற்றிப் பேசலாம். சத்தத்தைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.