டென்னசி வில்லியம்ஸின் அக்கா ஆபரேஷனில் சாகவில்லை

"மூளை ஆபரேஷனில் தங்கை செத்த துக்கத்தில்தான் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகத்தை எழுதினார்" என்று வேலூர் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. காட்பாடி மாணவி ஒருவர் செமினார் நோட்டில் அதை அப்படியே எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தார்.

தப்பு. முதலில், ரோஸ் தங்கையே இல்லை, அக்கா. 1943இல் அவருக்கு லோபாட்டமி என்ற மூளை ஆபரேஷன் செய்தது உண்மை. அப்புறம் அவரால் தனியாக வாழ முடியாமல் போனதும் உண்மை. ஆனால் 1944 டிசம்பரில் சிகாகோவில் நாடகம் மேடையேறியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். இறந்தது 1996இல், தம்பி போய்ச் சேர்ந்து 13 வருஷம் கழித்து! அக்காவின் பராமரிப்புக்கு வில்லியம்ஸ் உயிலிலேயே வழி செய்திருந்தார்.

நாடகத்தில் அக்காவாக வரும் லாராவுக்கு 'நீல ரோஜா' என்று செல்லப்பெயர். அந்த ரோஜா யார் என்பதில் மட்டும் பெரிதாகச் சந்தேகமில்லை.