மலைச்சரிவில் இருந்த இரண்டு எழுத்துகள்

கணினியில் திருத்திய படத்தை ஒளிப்படம் என்று ஏற்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், கூடாது என்பவர்கள் ஃபிலிம் காலத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். எடுத்தது எடுத்தபடியே அச்சான காலம் ஒன்று இருந்ததாக அவர்கள் நம்புகிறார்கள். பழைய ஸ்டுடியோக்காரர் எவரிடமும் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். நெகட்டிவின் மேல் கூராகச் சீவிய பென்சிலை ஓட்டி முகச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைக்கும் வேலைக்கு 'டச்சிங்' என்று பெயரே இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1857-இலேயே, ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்.

அமெரிக்க இயற்கை ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலவு எழுவதைப் படமெடுத்தார். ஒளிமானி கைக்கு அகப்படாததால், நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததைக் கொண்டு கணக்கிட்டு அவசரமாக எடுத்த ஒற்றை நெகட்டிவ் அது. தொடக்க கால அச்சுகளில் வானம் சற்று வெளிறி, மேகத் தீற்றல்களோடு இருக்கும். பிற்கால அச்சுகளில் அதே வானம் ஏறக்குறைய முழுக்கறுப்பு. இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதன் வாசிப்புக்கும் ஒப்பிடுவார். இருட்டறையில், அச்சுத்தாளில் விழும் ஒளியைக் கையசைத்துக் கூட்டிக் குறைத்து வானத்தைக் கறுப்பாக்கியவர் கலைஞர், அதையே கணினியில் செய்பவர் ஏமாற்றுக்காரர் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நெடுநாள் நானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்: ஒளியையும் நிறத்தையும் கூட்டலாம், குறைக்கலாம், சட்டகத்துக்குள் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. 2003-இல் ஈராக்கின் பாஸ்ரா அருகே எடுத்த இரண்டு படங்களை செய்தி ஒளிப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி ஒன்றாக்கினார். கையசைக்கும் பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு படத்திலிருந்தும், குழந்தையைச் சுமந்து வரும் மனிதர் மற்றொன்றிலிருந்தும் வந்தார்கள். பின்னணியில் சிலர் இருமுறை தென்பட்டதால் குட்டு வெளிப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அவரைப் பணிநீக்கம் செய்தது. என் கோட்டின்படி அது சரியான தீர்ப்பு.

அந்தக் கோட்டை அழித்ததும் ஆடம்ஸ்தான். கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து 1944-இல் அவர் எடுத்த சியரா நெவாடா விடியற்காலைப் படத்தில், நிழலில் கிடக்கும் குன்றின் சரிவில் ஊர்ப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான 'எல்', 'பி' இரண்டும் பெரிதாக இருந்தன. ஊர்ப் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்து உருவாக்கியவை. ஆடம்ஸ் அவற்றை நீக்கிவிட்டார். என் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால், இயற்கை ஒளிப்படக் கலையின் பெரும் படைப்பு ஒன்றை ஒளிப்படமே அல்ல என்று நான் தள்ள வேண்டும்.

அதனால் இப்போது நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறேன். ஒளிப்படமா என்பது ஒன்று. எதிரே இருந்த பொருளின் ஒளி பதிந்து, அந்தப் பதிவே படத்துக்கு அடிப்படையாக இருந்தால், ஆம் என்பேன். நம்பத்தக்கதா என்பது வேறு கேள்வி. வால்ஸ்கியின் படம் ஒளிப்படம்தான். செய்தி என்ற பெயரில் தந்ததால் அது பொய்யான ஒளிப்படம். பொய் சொல்வதற்குக் கணினிதான் வேண்டும் என்பதும் இல்லை. 2009-இல் வனவிலங்கு ஒளிப்படப் போட்டியின் முதல் பரிசைப் பெற்ற, ஓநாய் வேலிப் படலைத் தாண்டும் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் அடுத்த ஆண்டு தகுதியிழந்தது. அங்கே சிக்கல் திருத்தத்தில் இல்லை, எடுத்த விதத்தில்தான் இருந்தது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படத்தை மட்டும் முதல் கேள்வியிலேயே விலக்கிவிடுவேன். 2023-இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் அப்படியொரு படத்துக்குக் கிடைத்த சோனி உலக ஒளிப்பட விருதை மறுத்தபோது, அது ஒளிப்படம் அல்ல என்று அவரே கூறினார். புகைப்படம் என்ற சொல்லைவிட ஒளிப்படம் என்ற சொல்லே எனக்கு உவப்பாக இருப்பதும் இதனால்தான். வேண்டிய சோதனை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் குன்று என்னை விடுவதில்லை. ஆடம்ஸுக்கு அந்த எழுத்துகள் நிலத்தின் மேலிருந்த வடு. குன்றின் மேலேறிய பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊரின் பெயர். தான் நீக்கியதையும், அதற்காகச் சிலர் தன்னைக் குறை கூறியதையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த பின்பு, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த இருண்ட சரிவுக்குத்தான் போகிறது.